பிரௌசருக்குள் ஒரு பட்டறை

மனிதர் படைத்த பொருள்களுள் பெரும்பாலானவை தாம் படைக்கப்பட்ட விதத்தை மறைத்துக்கொண்டே நம் கைக்கு வந்து சேருகின்றன. அச்சான புத்தகத்தைப் புரட்டுகிறவருக்கு அச்சுக்கோத்தவருடைய கை தெரிவதில்லை. வானொலியில் கச்சேரி கேட்கிறவருக்கு ஒலிப்பதிவுக் கூடத்தில் எதைக் கூட்டினார்கள், எதைக் குறைத்தார்கள் என்பது தெரிவதில்லை. இணையப் பக்கம் ஒன்றுதான் இதற்கு விலக்கு. புடவை வாங்கியவர் வீட்டுக்கு அதை நெய்த தறியும் கூடவே வந்து இறங்குவதுபோல, நாம் திறக்கும் ஒவ்வொரு பக்கத்துடனும், நம் கண்ணெதிரே தோன்றுகிற அந்தத் தோற்றத்தை உண்டாக்கும் நிரலும் நம்முடைய கணினிக்கே வந்துவிடுகிறது. அந்த நிரலைப் பிரித்துப் பார்க்கவும், அதன் ஓட்டத்தை நிறுத்திச் சோதிக்கவும், வேண்டுமானால் மாற்றிப் பார்க்கவும் தேவையான உபகரணங்கள் யாவும், நாம் அன்றாடம் செய்தி படிக்கவும் ரயில் டிக்கெட் எடுக்கவும் பயன்படுத்தும் பிரௌசருக்குள்ளேயே, காசில்லாமல், எல்லோருக்கும் பொதுவாக வைக்கப்பட்டிருக்கின்றன. இணையதளம் அமைப்பதைத் தொழிலாகக் கொண்டவர்கள் காலை முதல் இரவு வரை புழங்கும் இந்த உபகரணங்களைப் பற்றி மற்றவர்கள் பெரும்பாலும் கேள்விப்பட்டதே இல்லை என்பது வருத்தத்துக்குரியது. ஏனெனில் இவை அத்தொழிலுக்கு எவ்வளவு அவசியமோ, இணையத்தைப் படிக்கிற சாமானியருக்கும் அவ்வளவு உரிமையானவை என்பது என் திடமான அபிப்பிராயம்.

இணையப் பக்கம் என்பது மூன்று மொழிகளின் கூட்டு முயற்சி. தலைப்பு இது, பத்தி இது, படம் இது என்று உறுப்புகளை வகுத்துச் சொல்வது எச்.டி.எம்.எல்.; எந்த உறுப்பு எந்த நிறத்தில், எவ்வளவு அகலத்தில், எந்த எழுத்துருவில் தோன்ற வேண்டும் என்று அலங்காரத்தை நிர்ணயிப்பது சி.எஸ்.எஸ்.; பொத்தானை அழுத்தினால் என்ன நிகழ வேண்டும் என்ற காரியத்தை ஏற்பது ஜாவாஸ்கிரிப்ட். இவற்றுள் முதலாவதை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, ஜெனீவாவுக்கு அருகிலுள்ள சேர்ன் பௌதிக ஆராய்ச்சி நிலையத்தில் 1990-ஆம் ஆண்டு நெக்ஸ்ட் கணினியொன்றில் எழுதிய முதல் பிரௌசர், பக்கங்களைப் படிப்பதற்கு மட்டுமன்றி எழுதித் திருத்துவதற்கும் உரிய சாதனமாகவே இருந்தது. படிக்கிறவரும் எழுதுகிறவரும் வேறு வேறு ஜாதி என்ற எண்ணம் அவருக்கு ஆரம்பத்திலிருந்தே இல்லை. 1993 ஏப்ரல் 30 அன்று சேர்ன் நிலையம் இந்தத் தொழில்நுட்பத்தை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று உலகுக்கு ஒப்புவித்தது. பின்னால் வந்த பிரபலமான பிரௌசர்கள் எழுதும் வசதியைக் கைவிட்டபோதிலும், மூலநிரலைக் காட்டும் வசதியை மட்டும் கைவிடவில்லை. கண்ட்ரோல் விசையுடன் யு எழுத்தைச் சேர்த்து அழுத்தினால் இன்றும் அது நம்முன் விரிகிறது. பாடப்புத்தகமும் பயிற்சி வகுப்பும் அரிதாக இருந்த தொண்ணூறுகளில் இணையதளம் அமைக்கக் கற்ற ஒரு தலைமுறை முழுவதற்கும் அந்த ஜன்னலே குருகுலமாக இருந்தது என்றால் மிகையன்று.

ஆயினும் மூலநிரலைப் பார்ப்பதில் ஒரு குறை உண்டு. பக்கங்களை அனுப்பிவைக்கும் கணினியான சர்வரிலிருந்து புறப்பட்டபோது பக்கம் எப்படி இருந்தது என்பதை மட்டுமே அது சொல்லும். வந்து சேர்ந்த பிறகு ஜாவாஸ்கிரிப்ட் அதில் என்னென்ன சேர்த்தது, எதை மறைத்தது, எதைக் கலைத்தது என்பதைச் சொல்லாது. 1995-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாட்களில் முதல் வடிவம் கொடுத்த அந்த மொழி, பத்தாண்டுகளுக்குள் கடிதப் போக்குவரத்தையும் நிலப்படங்களையும் பிரௌசருக்குள் நடத்தத் தொடங்கிவிட்டது. ஆனால் அதில் பிழை நேர்ந்தால் கண்டுபிடிக்கும் வழியோ, நிரலின் நடுவே ஆங்காங்கு எச்சரிக்கைப் பெட்டி தோன்றும்படி எழுதி வைத்து, எந்தப் பெட்டி வரை வந்தது, எது வரவில்லை என்று எண்ணிப் பார்த்து, பிழை எந்த இடத்தில் என்று ஊகித்துக்கொள்வதாக இருந்தது. இந்தச் சிரமத்தைத் தீர்த்தவர்களுள் முதன்மையானவராக ஜோ ஹெவிட் என்ற நிரலாளரைச் சொல்ல வேண்டும். ஃபயர்பாக்ஸ் பிரௌசரை உருவாக்கியவர்களுள் ஒருவரான அவர், 2006 ஜனவரியில் ஃபயர்பக் என்ற இணைப்புச் சாதனத்தை வெளியிட்டார். பக்கத்தின் உறுப்புகள், அலங்கார விதிகள், இயங்கும் நிரல், சர்வருடன் நடக்கும் பரிமாற்றம் ஆகிய அனைத்தும் ஒரே சட்டத்துக்குள், அந்தந்தக் கணத்தில் உள்ளபடியே தெரிந்தன, மாற்றினால் மாறின. அதைப் பார்த்த பிறகு மற்ற பிரௌசர்காரர்கள் சும்மா இருக்க முடியவில்லை. சஃபாரியும், ஓப்பராவும், 2008-இல் பிறந்த குரோமும் தத்தமக்குரிய உபகரணங்களுடன் வந்தன; 2009-இல் வந்த எட்டாவது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் எஃப்12 விசையை இதற்கென ஒதுக்கியது; அவ்விசையே இன்று விண்டோஸ் கணினிகளில் பொது வழக்காகிவிட்டது. தனிச் சாதனமாக இருந்த ஃபயர்பக் 2017-இல் ஓய்வு பெற்றது. அதன் சிறப்புகளையெல்லாம் பிரௌசர்களே சுவீகரித்துக்கொண்டுவிட்டதால் அதற்கு அவசியம் இல்லாமற்போயிற்று.

இனி அந்தப் பட்டறைக்குள் நுழைந்து பார்ப்போம். கணினியில் ஏதேனும் ஒரு செய்தித்தளத்தைத் திறந்து, தலைப்புச் செய்தியின் மேல் மவுஸின் வலப் பொத்தானை அழுத்தினால் வரும் பட்டியலின் அடியில் 'இன்ஸ்பெக்ட்' என்று இருக்கும். அதைத் தேர்ந்ததும் திரை இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதியில் பக்கமும் மறு பாதியில் அதன் உறுப்புகள் கிளை கிளையாக விரிந்த மரமும் தோன்றும். மரத்தின் எந்தக் கிளையின் மேல் சுட்டியைக் கொண்டுபோனாலும் பக்கத்தில் அதற்குரிய இடம் நிறம் மாறி ஒளிர்கிறது. எழுத்து அமர்ந்த பகுதி ஒரு நிறம், அதைச் சூழ விட்ட உள் இடைவெளி வேறு நிறம், வெளி இடைவெளி இன்னொரு நிறம். இந்தப் பொத்தான் ஏன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, இந்தப் படத்துக்கும் பத்திக்கும் இடையே ஏன் இத்தனை வெறுமை என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கும் நிரலாளருக்கு விடை அங்கேயே பிரத்தியட்சமாகத் தெரிந்துவிடும். பக்கத்திலுள்ள கட்டத்தில் அலங்கார விதிகள் வரிசையாக நிற்கின்றன. வேறொரு விதியால் தோற்கடிக்கப்பட்ட விதியின் மேல் ஒரு கோடு கிழிக்கப்பட்டிருக்கும். எண்ணை மாற்றினால் அகலம் மாறுகிறது. நிறத்தை மாற்றினால் நிறம் மாறுகிறது. செய்துபார்த்துப் பிடித்திருந்தால் பிறகு உண்மையான கோப்பில் எழுதிக்கொள்ளலாம்.

மரத்தில் தலைப்பின் வாசகத்தை இருமுறை சொடுக்கி, அங்கே வேறு வாசகத்தை எழுதினால் பக்கத்திலும் அதே எழுத்துருவில், அதே அளவில், அதே கம்பீரத்துடன் அந்தப் புதிய வாசகம் வந்து அமர்ந்துவிடும். மாறியது நம் கணினியிலுள்ள பிரதி மட்டுமே. சர்வரில் இருப்பது இருந்தபடியே இருக்கிறது. பக்கத்தை மீண்டும் ஏற்றினால் பழைய தலைப்பே திரும்பிவிடும். ஆனால் ஏற்றுவதற்கு முன்னால் திரையைப் படம்பிடித்து எவருக்காவது அனுப்பினால், பெறுகிறவர் அந்தப் பத்திரிகையே அவ்வாறு எழுதியிருப்பதாக நம்புவார். வங்கிக் கணக்கின் இருப்புத் தொகையையும், பணம் அனுப்பியதற்கான ரசீதையும், தேர்வு முடிவையும் இவ்விதமே ஒரு நிமிஷத்துக்குள் மாற்றிப் படம் எடுத்துவிடலாம். அதற்குக் கணினி ஞானம் எதுவும் வேண்டியதில்லை. வாட்ஸ்அப்பில் வந்த ஸ்க்ரீன்ஷாட்டைச் சாட்சியாகக் கொண்டு சண்டையிடுகிறவர்களும், 'பணம் போட்டுவிட்டேன், இதோ படம்' என்றதும் சரக்கைக் கொடுத்துவிடுகிற கடைக்காரர்களும் இதை ஒருமுறை தம் கையாலேயே செய்துபார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

அடுத்து நெட்வொர்க் என்ற பகுதி. அதைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தை மறுபடி ஏற்றினால், பிரௌசர் யார் யாரிடம் போய் என்னென்ன கேட்டது, என்ன பதில் வந்தது, எத்தனை மில்லிசெகண்டு காத்திருந்தது என்ற விவரங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொழியத் தொடங்கும். 200 என்ற எண் கேட்டது கிடைத்தது என்பதற்கும், 301 விலாசம் நிரந்தரமாக மாறிவிட்டது என்பதற்கும், 404 அப்படி ஒன்று இங்கே இல்லை என்பதற்கும், 500 சர்வருக்குள்ளேயே கோளாறு என்பதற்கும் அடையாளம். நாம் விரும்பிக் கேட்டது ஒரு கட்டுரை. ஆனால் பட்டியலைப் பார்த்தாலோ, விளம்பர நிறுவனங்களுக்கும், வாசகர் எங்கே சொடுக்குகிறார் என்று கணக்கெடுக்கும் நிறுவனங்களுக்கும், சமூக ஊடகங்களுக்கும் நம் பிரௌசர் நம்மைக் கேளாமலே போய்வந்துகொண்டிருப்பது தெரியும். அந்தரங்கம் பற்றிய சட்ட விவாதங்களை எவ்வளவு படித்தாலும் உறைக்காத ஒரு விஷயம், இந்தப் பட்டியலை ஒரே ஒருமுறை பார்த்ததும் உறைத்துவிடுகிறது.

அந்தப் பகுதியிலேயே இணைப்பின் வேகத்தைச் செயற்கையாகக் குறைத்துப் பார்க்கும் வசதி ஒன்றுண்டு. நகரத்து அலுவலகத்தில் கண்ணாடி இழை இணைப்பில் அமர்ந்து, உயர்ந்த ரகக் கணினியில் பக்கத்தை அமைக்கிறவருக்கு அது கண்ணிமைக்கும் நேரத்தில் திறக்கும். அதே பக்கத்தை மலைக்கிராமத்தில் சிக்னல் ஒரு கோடு வந்தும் வராமலும் இருக்கும் மலிவான ஃபோனில் திறக்க முயல்கிறவர், வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். வேகத்தைக் குறைக்கும் அந்தச் சிறு தேர்வை ஒருமுறை சொடுக்கினால், அமைத்தவரும் அதே வெள்ளைத் திரையின் முன்னால் அதே அவகாசம் காத்திருக்க நேர்கிறது. உதவித்தொகைக்கும் சான்றிதழுக்கும் ரேஷன் அட்டைக்கும் மக்கள் நாடிவரும் தளங்களை அமைக்கிறவர்கள், தங்கள் வேலையை இந்தச் சோதனைக்கு உட்படுத்தாமல் வெளியிடலாகாது என்று சொல்வேன். பெரிய படங்களும் தேவையற்ற எழுத்துருக் கோப்புகளும் எத்தனை பேருடைய அரைநாளைத் தின்றுகொண்டிருக்கின்றன என்பது அப்போதுதான் புலப்படும். ஃபோனின் அகலத்துக்குப் பக்கத்தைச் சுருக்கிப் பார்க்கும் வசதியும் பக்கத்திலேயே இருக்கிறது. நம் மொழியில் விகுதியும் வேற்றுமையும் சேர்ந்து சொற்கள் நீண்டுபோவதால், ஆங்கிலத்தில் அழகாகப் பொருந்திய பொத்தான் தமிழில் வழிந்து சட்டத்துக்கு வெளியே தொங்குவதைப் பெரும்பாலும் அங்கேதான் முதலில் காண்கிறோம்.

தமிழ் என்றதும், கன்சோல் என்ற பகுதியில் சற்று அதிக நேரம் தங்க வேண்டியிருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் வரியொன்றை எழுதி உடனே விடை காண உதவும் இடம் அது. அங்கே மேற்கோள் குறிக்குள் 'தமிழ்' என்று எழுதி, அதன் நீளம் என்ன என்று கேட்டால், 5 என்று விடை வரும். த, மி, ழ் என்று மூன்றே எழுத்தாக நாம் எண்ணுவதை, உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் குறியீட்டெண் வகுக்கும் யூனிகோடு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகளாகச் சேமித்திருப்பதே காரணம். இதை அறியாமல், பெயர்ப் பெட்டியில் இத்தனை எழுத்துக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்தவர்கள் எழுதிய படிவங்களில் எத்தனையோ தமிழ்ப் பெயர்களின் வால் அறுபட்டுப் போகிறது; நான்கு என்று வரம்பு வைத்தால் 'தமிழ்' என்பதன் புள்ளி போய் 'தமிழ' என்று நிற்கும். எழுத்தை எழுத்தாக எண்ணுவதற்கென்றே இன்ட்ல் செக்மென்டர் என்ற வசதி இப்போதைய பிரௌசர்களில் இருக்கிறது. அதைக் கொண்டு அதே கன்சோலில் கேட்டால் 3 என்று நம் வழக்கப்படியே விடை வரும்.

இன்னும் வியப்பானது ஒன்று. 'கொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். முன்னால் எகரக் கொம்பு, பின்னால் கால் என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இரண்டும் சமமா என்று கன்சோலில் கேட்டால் மட்டும் இல்லை என்று பதில் வரும். ஒரு நூலகத் தளத்தில் 'கொடி' என்று தேடினால், நூல் அங்கே இருந்தும் கிடைக்காமற்போவதற்கு, பட்டியலில் பதிந்தவர் ஒரு விதமாகவும் தேடுகிறவர் வேறு விதமாகவும் உள்ளிட்டிருப்பது ஒரு காரணமாக இருக்கலாம். இரு வடிவங்களையும் ஒன்றாக்கும் நார்மலைஸ் என்ற கட்டளையை இருபுறமும் பிரயோகித்த பின் கேட்டால், சமம் என்று வந்துவிடும். தமிழில் தளம் அமைக்கப் புகும் எந்த மாணவருக்கும் முதல் நாளே இந்த இரு பரிசோதனைகளையும் செய்துகாட்ட வேண்டும். அரை மணிப் பாடத்தில் பல வருஷத் தொல்லைகள் தீர்ந்துவிடும்.

தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால், தலையில் சாய்கோடு கொண்ட லத்தீன் ஏ எழுத்தும், வட்டத்துக்குள் ஆர் என்ற வணிக முத்திரைக் குறியும், வேறு சில விசித்திரக் குறிகளும் மாறி மாறி வரிசையாக நிற்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். அது ஏதோ கிருமியின் வேலை என்று பயப்பட வேண்டாம். கணினி அறிஞர் கென் தாம்ப்ஸன், ராப் பைக்குடன் நியூஜெர்ஸியில் ஓர் உணவு விடுதியில் அமர்ந்து 1992 செப்டம்பரில் மேஜை விரிப்புத் தாளில் வகுத்ததாக வரலாறு கூறும் யூ.டி.எஃப்-8 முறைப்படி, ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகளாக எழுதப்படுகிறது. 'தமிழ்' என்பதற்குப் பதினைந்து. அந்தப் பதினைந்தையும் பழைய மேற்கத்தியக் குறியீட்டு முறையில் உள்ளவை என்று பிரௌசர் தவறாக எண்ணிக்கொண்டால், ஒவ்வொரு பைட்டையும் தனித்தனி எழுத்தாக வாசித்துவிடுகிறது. எல்லாத் தமிழ்க் குறியீடுகளுக்கும் முதல் பைட்டு ஒன்றே ஆதலால் அதே ஏ எழுத்து திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. நெட்வொர்க் பகுதியில் அந்தப் பக்கத்துக்கான பதிலின் தலைப்புக் குறிப்புகளைப் பார்த்தால், எந்த முறையில் எழுதியது என்று சர்வர் என்ன சொல்லி அனுப்பியது என்பது தெரியும். திருத்துவதற்கு வேண்டியது பெரும்பாலும் ஒரே வரி. பக்கத்தின் மொழி தமிழ் என்று எச்.டி.எம்.எல்.லின் முதல் உறுப்பிலேயே குறிப்பதும் அதுபோல ஒரே வரிக் காரியம்தான். அதைக் குறிக்காவிட்டால், பார்வையற்றவருக்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள் தமிழை ஆங்கிலக் குரலில் வாசிக்க முற்பட்டுத் திணறக்கூடும்.

பார்வையற்றோரைச் சொன்னதால் இதையும் சொல்லிவிட வேண்டும். பக்கம் அவர்களுக்கு எவ்வாறு அறிவிக்கப்படுகிறது என்பதைக் காட்டும் தனி மரம் ஒன்று இந்த உபகரணங்களுக்குள் இருக்கிறது. கண்ணுக்கு அழகிய வண்டிச் சின்னமாகத் தெரியும் பொத்தான், அங்கே பெயரற்ற வெறும் பொத்தானாக நிற்பதைக் காணலாம். எழுத்தின் நிறத்துக்கும் பின்னணியின் நிறத்துக்கும் இடையே உள்ள வேறுபாட்டைப் பிரௌசரே கணக்கிட்டுச் சொல்லும். சாதாரண அளவு எழுத்துக்கு அது 4.5-க்கு 1 என்ற விகிதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது சர்வதேச நியமம். நாகரிகம் என்று கருதி வெளிர்சாம்பல் எழுத்தை வெள்ளைப் பின்னணியில் வைக்கிறவர்கள் அந்த எண்ணைப் பார்க்கட்டும். அறுபது வயதைக் கடந்த வாசகர் ஏன் அந்தத் தளத்துக்கு இரண்டாம் முறை வருவதில்லை என்பதும் கூடவே விளங்கும். நிறக்குருடு உள்ளவருக்குப் பக்கம் எவ்விதம் தோன்றும் என்று காட்டும் தேர்வும் குரோமில் உண்டு.

இவ்வளவு பகிரங்கமாக வைக்கப்பட்ட வசதியைப் பயன்படுத்தியதற்காகவே ஒருவர் குற்றவாளி என்று அழைக்கப்பட்ட சம்பவம் அமெரிக்காவில் நிகழ்ந்தது. 2021 அக்டோபரில் மிசூரி மாநிலத்தின் செயிண்ட் லூயிஸ் போஸ்ட்-டிஸ்பாட்ச் பத்திரிகையின் நிருபர் ஒருவர், ஆசிரியர்களின் தகுதிச் சான்றுகளை எவரும் தேடிப் பார்க்கலாம் என்று மாநிலக் கல்வித்துறை அமைத்திருந்த தளத்தின் மூலநிரலுக்குள், அந்த ஆசிரியர்களின் சமூகப் பாதுகாப்பு எண்கள் கிடப்பதைக் கண்டார். அந்நாட்டில் வங்கிக் கடனிலிருந்து வரி வரைக்கும் ஒருவரை அடையாளம் காட்டும் எண் அது. திரையில் தெரியவில்லை என்பதாலேயே மறைவாக இருக்கிறது என்று தளத்தை அமைத்தவர்கள் எண்ணியிருக்க வேண்டும். பத்திரிகை முதலில் துறைக்குத் தகவல் கொடுத்து, குறை நீக்கப்படும் வரை காத்திருந்து, அதன் பிறகே செய்தியைப் பிரசுரித்தது. ஆளுநர் மைக் பார்ஸனோ, நிருபரை ஊடுருவியவர் என்று பத்திரிகையாளர் கூட்டத்தில் சாடி, விஷயத்தை அரசு வழக்கறிஞருக்கும் காவல்துறைக்கும் அனுப்பினார். நான்கு மாதங்களுக்குப் பின் 2022 பிப்ரவரியில், வழக்கு எதுவும் தொடரப் போவதில்லை என்று அரசு வழக்கறிஞர் அறிவித்தார்.

வாசகரின் கணினிக்குத் தானே அனுப்பி வைத்ததை வாசகர் படித்தார் என்று அரசாங்கம் கோபித்துக்கொள்வது நியாயமாகாது. அனுப்பப்பட்டது எல்லாம் படிக்கப்படும் என்று எண்ணி எழுதுவதே இணையதளம் அமைப்போரின் முதல் ஒழுக்கம். ரகசியம் என்று இருப்பது சர்வரை விட்டு வெளியே வரவே கூடாது. அந்த ஒழுக்கம் காக்கப்படுகிறதா என்று பார்க்கும் உரிமை, ஆசிரியர்களின் எண்ணைக் காத்த அந்த நிருபரின் உதாரணத்திலிருந்து, பொதுஜன நன்மைக்கே உரியது என்பது தெளிவு. ஆனால் பார்ப்பதற்கும் புகுவதற்கும் இடையே வேற்றுமை உண்டு; பிறருடைய கடவுச்சொல்லை ஊகித்துச் சர்வருக்குள் நுழைவது எங்கும் குற்றமே.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். 'இந்த வரியைக் கன்சோலில் ஒட்டி என்டர் தட்டுங்கள், இன்னாருடைய கணக்கைப் பார்க்கலாம், இலவச ரீசார்ஜ் கிடைக்கும்' என்று எவரேனும் சொன்னால் ஒருபோதும் செய்யலாகாது. ஒட்டப்படும் நிரல் ஒட்டினவருடைய கணக்கின் சாவியைத்தான் திருடர் கையில் கொடுக்கும். இவ்வகை மோசடி பெருகியதால், ஃபேஸ்புக் தளத்தில் கன்சோலைத் திறந்தாலே நிறுத்துங்கள் என்று பெரிய சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை தோன்றுகிறது. குரோமும் ஃபயர்பாக்ஸும், ஒட்டுவதற்கு அனுமதிக்கிறேன் என்று கைப்பட எழுதினாலன்றி முதல்முறை ஒட்ட விடுவதில்லை. எக்ஸ்டென்ஷன் என்ற இணைப்புச் சாதனங்களைப் பற்றியும் இதே ஜாக்கிரதை தேவை. எல்லாத் தளங்களிலும் உள்ள உங்கள் தகவலைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி கேட்கும் சாதனம் வங்கித் தளத்தையும் படிக்கும் என்பதை மறக்கலாகாது. கிறிஸ் பெடரிக் நெடுங்காலமாகப் பராமரித்துவரும் வெப் டெவலப்பர் போன்ற நம்பகமானவை சில உண்டு. மற்றபடி, பிரௌசரோடு பிறந்தவையே தொடங்குகிறவருக்குத் தாராளமாகப் போதும்.

உபகரணங்கள் குறையைக் காட்டும். அறிவைப் புகட்ட வேறு துணைகள் வேண்டும். மூடவேண்டிய குறியை மூடாமல் விட்டாலும் பிரௌசர் குறை சொல்லாமல் ஒப்பேற்றிவிடுவதால், இலக்கணப்படி எழுதியிருக்கிறோமா என்று அறிய இணைய நியமங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் வேலிடேட்டர் என்ற சோதனைத் தளம் உதவுகிறது. புதிய வசதியொன்று எந்தெந்தப் பிரௌசரில் எந்தப் பதிப்பு முதல் வேலை செய்யும் என்பதைப் பச்சையும் சிவப்புமான கட்டங்களில் காட்டும் கேன்-ஐ-யூஸ் என்ற தளத்தை அலெக்ஸிஸ் டெவேரியா உருவாக்கினார்; பழைய ஃபோன் வைத்திருக்கும் வாசகரை விட்டுவிடக் கூடாது என்று கருதுகிறவர்கள் அதைப் பாராமல் ஓர் அடி எடுத்து வைப்பதில்லை. இவை யாவற்றிலும் மேலானது, மொஸில்லா அமைப்பினர் 2005-இல் தொடங்கிய எம்.டி.என். என்ற மாபெரும் ஆவணத் தொகுப்பு. எச்.டி.எம்.எல்.லின் ஒவ்வொரு உறுப்புக்கும், சி.எஸ்.எஸ்.ஸின் ஒவ்வொரு விதிக்கும், ஜாவாஸ்கிரிப்டின் ஒவ்வொரு கட்டளைக்கும் விளக்கமும் உதாரணமும் அதில் கிடைக்கும். 2017-இல், சந்தையில் ஒன்றையொன்று முட்டிக்கொண்டிருந்த மைக்ரோசாஃப்டும் கூகுளும் இந்த ஆவணப் பணியில் மொஸில்லாவுடன் கைகோத்தன. ஒரே சத்தியத்தை ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியே எழுதிக்கொண்டிருப்பது வீண் என்ற விவேகம் அவர்களுக்கு ஏற்பட்டது என் மனத்துக்கு மிகவும் உவப்பான செய்தி.

எம்.டி.என். தொகுப்பு பிரெஞ்சு, ஸ்பானியம், ஜப்பானியம், கொரியம், சீனம், ரஷ்யம் முதலிய மொழிகளில் தொண்டர்களால் மொழிபெயர்க்கப்பட்டுப் பராமரிக்கப்படுகிறது; அந்த வரிசையில் தமிழ் இல்லை. ஆங்கிலம் தடையாக நிற்பதால் எஃப்12 விசைக்கு அப்பால் போகாமல் நின்றுவிடும் மாணவர்கள் நம் ஊர்களில் ஏராளம். கட்டுரைகளின் மூலம் முழுவதும் 2020 டிசம்பர் முதல் கிட்ஹப் தளத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. ஆசிரியர்களின் பெயரைக் குறிப்பிட்டு, அந்தத் தொகுப்புக்குரிய அதே திறந்த உரிமத்தின் கீழ் வெளியிடுவதானால், அதைத் தமிழாக்கவோ, நம் மாணவர்களுக்கு ஏற்றபடி சுருக்கி எழுதவோ, அச்சிட்டு விற்கவோகூட எவரிடமும் தனியாக அனுமதி கேட்க வேண்டியதில்லை.